பொடி போடாத பாட்டில்

டிசம்பர் 11, புதன்

இறுதியாண்டு புராஜெக்டுக்கு இன்று குழு பிரித்தார்கள். நானும் நித்யகலாவும் செங்கோட்டுவேல் சாரிடம். வகுப்பில் பாதிப் பேருக்குப் பொறாமை. எனக்குச் சந்தோஷம்தான். முதலாமாண்டில் வேதியியல் பாடம் ஆங்கிலத்தில் ஒன்றும் புரியாமல் டி.சி. வாங்கப் போனேன். என் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, "நாளைக்கு எட்டரைக்கு லேபுக்கு வந்துரு" என்றவர் அவர்தான். ஒரு வருடம் தினமும் எட்டரைக்குப் போனேன்.

தலைப்பு: புளியங்கொட்டைப் பொடியைக் கொண்டு சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்குதல். அது சாருடைய முனைவர் பட்ட ஆய்வு. அவர் ஆய்வகத்தில் கலக்கிய சாயத்தில் செய்தார். நாங்கள் நிஜப் பட்டறைத் தண்ணீரில் செய்துகாட்ட வேண்டும். மார்ச்சில் மாணவர் ஆய்வு நாள். தமிழ், வரலாறு, கணிதம், வணிகவியல் என்று எல்லாத் துறை மாணவர்களும் எழுதும் கட்டுரைகள் ஒரே தொகுப்பாக வரும். அதில் எங்களுடையதுதான் முதல் கட்டுரை என்று துறைத்தலைவர் அம்சவேணி மேடம் இன்றே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு கொட்டைகூட உடைக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

புளியங்கொட்டை வறுத்தேன். தோல் நீக்கி மிக்ஸியில் அரைத்ததில் மிக்ஸியின் அடிப்பகுதி சூடாகி ஒரு வாடை வந்தது. அம்மா பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் நூல் முக்குகிறாள். நான் கேட்டதற்காக ஐந்து லிட்டர் கேனில் கழிவுத் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல நீலம்.

"வாய்க்கால்ல ஊத்தறத ஊட்டுக்குக் கொண்டாரச் சொன்ன ஆளு நீ ஒருத்திதான் சாமி" என்றாள்.

ஜனவரி 6, திங்கள்

வந்துவிட்டது. ஜன்னல் திண்டில் வைத்த, பொடி போட்ட பீக்கரில் மூன்றே நாளில் நீலம் போய் வெறும் கஞ்சித் தண்ணீர் நிறம். கலரிமீட்டர் என்பது தண்ணீரில் எவ்வளவு நிறம் இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும் சிறு பெட்டி. முதல் நாள் புள்ளி எண்பத்திரண்டு. இன்று புள்ளி பதினான்கு. சார் என் நோட்டில் எண்ணைப் பார்த்துவிட்டு நித்யாவிடம் டீ வாங்கி வரச் சொன்னார். எங்களுக்கும் சேர்த்து.

எம்.எஸ்சி.க்குக் கோயம்புத்தூரில் சீட்டு கேட்க அவர் பரிந்துரைக் கடிதம் தருவார். சொல்லிவிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து லேபைத் திறந்தோம். பொடி போடாத வெறும் சாயத் தண்ணீர் ஒரு பாட்டில் மீந்திருந்ததை ஜன்னல் திண்டிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறேன். அதுவும் வெளுத்திருந்தது.

முதலில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு, நான் போட்ட மூடி, நான் குறித்த அளவுக்கோடு. மூன்றும் அப்படியே இருந்தன. நித்யா எட்டிப் பார்த்தாள். "கழுவி ஊத்தீட்டு வேலயப் பாருடி" என்றாள்.

கழுவவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையைக்கூடத் தூக்காமல் கீரை ஆய்ந்துகொண்டே, அந்த நீலம் அப்படித்தான், வெயில் பட்டால் வெளுத்துவிடும், அந்த நூலை நிழலில்தான் காயப்போடுவோம், உனக்குத் தெரியாதா என்றாள். மூன்று வருடம் வேதியியல் படித்திருக்கிறேன். தெரியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்து நாளாக நான்கு பாட்டில். இரண்டு ஜன்னலில், இரண்டு பூட்டிய பீரோவுக்குள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் பொடி, ஒன்றில் பொடி இல்லை. மூன்று தடவை முதலிலிருந்து செய்தேன். ஜன்னலில் வைத்த இரண்டும் வெளுக்கின்றன. பீரோவில் வைத்த இரண்டும் நீலமாகவே நிற்கின்றன. பொடி கொஞ்சம் இழுக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நூற்றில் எட்டுப் பங்கு. மீதி அத்தனையும் வெயில்.

சாருடைய பழைய கட்டுரையை மறுபடி படித்தேன். பொடி போடாத தண்ணீரை முதல் நாள் மட்டும் அளந்திருக்கிறார். கடைசி நாள் அளக்கவில்லை. பீக்கர்களை எங்கே வைத்தார் என்று ஒரு வரி இல்லை.

நாளை சாரிடம் சொல்ல வேண்டும். சந்தோஷப்படுவார். புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறதே.

பிப்ரவரி 3, திங்கள்

நான்கு பாட்டில்களையும் அவர் மேசையில் வரிசையாக வைத்து விளக்கினேன். நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. எப்படிச் செய்தாய், எத்தனை தடவை செய்தாய் என்று கேட்கவில்லை.

"யாருகிட்டயாச்சும் சொன்னயா?"

அம்மாவிடம் மட்டும் என்றேன்.

"அம்மா பரவால்ல" என்றார்.

செய்முறையில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே செய்து முடி, புதிதாக எதையும் நுழைக்காதே என்று சொல்லி அனுப்பினார். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

அறிவிப்புப் பலகையில் புதிய தாள். ஆய்வு நாள் மேடையில் வட்டாரச் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கமும் கல்லூரியும் ஒப்பந்தம் செய்கின்றன. சிறு பட்டறைகள் புளியங்கொட்டைப் பொடியைத் தொட்டியில் போட்டு, நிறம் போன தண்ணீரை வெளியே விடலாம். கல்லூரி வழிகாட்டும்.

உங்கள் பட்டறைத் தொட்டி எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். கான்கிரீட் மூடி போட்ட தொட்டி. போன வருடம் ஆடு விழுந்ததிலிருந்து எல்லாப் பட்டறையிலும் மூடிவிட்டார்கள்.

மூடிய தொட்டிக்குள் வெயில் எங்கிருந்து வரும்? பொடியைப் போடுவார்கள், கல்லூரிக் கட்டுரையில் சொல்லியிருக்கிறது என்று நீலம் போகாமலே திறந்துவிடுவார்கள். அந்த வாய்க்கால் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் போகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

ஷமீரா மூன்றாமாண்டு வரலாறு. ஆய்வுத் தொகுப்பின் மாணவர் ஆசிரியர். எல்லாத் துறைக்காரரும் படிக்கிற மாதிரி தமிழில் எழுதித் தா என்று கேட்டிருந்தாள். நான்கு பாட்டில் கணக்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். சார் சொன்னதை மீறித்தான். இன்று பக்கமெல்லாம் சிவப்புக் கோட்டோடு திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கோபம். வரலாறு படிக்கிறவளுக்கு வேதியியலில் என்ன தெரியும்?

"'நிறம் குறைவது கண்டறியப்பட்டது'ன்னு எழுதியிருக்கே. யாரு கண்டறிஞ்சா?"

"நாந்தான். சயின்ஸ்ல அப்பிடித்தான் எழுதுவாங்க."

"எங்க பாடத்துல, ஒரு ஆவணத்துல செஞ்சவங்க பேரே இல்லைன்னா, யாரோ எதையோ மறைக்கறாங்கன்னுதான் முதல்ல சந்தேகப்படுவோம்."

பேருந்து முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். 'நான் பார்த்தேன்' என்று பதினொரு இடத்தில் வருகிறது. படித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் எந்த வரியிலிருந்தும் இனிப் பின்வாங்க முடியாது.

பிப்ரவரி 17, திங்கள்

அம்சவேணி மேடம் அறைக்குக் கூப்பிட்டார். ஷமீராவிடம் கொடுத்த என் கட்டுரை அவரிடம் போயிருக்கிறது. சாரும் இருந்தார். நித்யாவும். ஜன்னல் பீக்கர் எண்களை மட்டும் வைத்து நித்யா தனியாகக் கட்டுரை வாசிப்பாளாம். என் கட்டுரை தொகுப்பில் வராது. பி.ஜி. படிக்கும் எண்ணம் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்றார் மேடம்.

"நீ ஒரு யூ.ஜி. ஸ்டூடண்ட். அவருக்குப் பட்டம் குடுத்தவங்க எல்லாம் முட்டாளா?"

"அவங்க பாட்டிலப் பாக்கலீங்க மேடம். நீங்க பாருங்க, கையில கொண்டாந்திருக்கேனுங்க."

பாட்டில்கள் மேசை மேல்தான் இருந்தன. மேடம் என் முகத்தை மட்டுமே பார்த்தார். சார் மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நித்யா என் கையைப் பிடித்து, தனக்கு பி.எட். சீட்டு வேண்டும், மார்க் போனால் வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள் என்றாள். சரி என்றேன். கையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த துணியெல்லாம் துவைத்தேன். நேற்றுத் துவைத்து மடித்து வைத்ததையும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தொகுப்பு அவர்களுடையது. மேடை அவர்களுடையது. லேப் சாவியும் இப்போது மேடத்திடம். ஆனால் கல்லூரி நடு முற்றத்தில், கேண்டீனுக்குப் போகும் வழியில் இடுப்புயரச் சுவர் ஒன்று இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து நாலு வரை வெயில். கல்லூரியில் அந்தச் சுவரைத் தாண்டாமல் யாரும் டீ குடிக்க முடியாது.

ஷமீராவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நோட்டு நான் வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

எட்டு பாட்டில். நான்கு சுவர்மேல் வெயிலில், நான்கு சுவரடியில் அட்டைப்பெட்டிக்குள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: 'பொடி உண்டு', 'பொடி இல்லை'. பக்கத்தில் நோட்டைக் கயிற்றில் கட்டினோம். முதல் பக்கத்தில் நான் எழுதியது: 'இந்தத் தண்ணீர் பள்ளிபாளையம் சாயப்பட்டறைத் தண்ணீர். உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைத் தேதி, நேரம், பெயர், துறையோடு எழுதுங்கள். தெரியாததை எழுத வேண்டாம். இப்படிக்கு, தா. தாரகேஸ்வரி, இறுதியாண்டு வேதியியல்.'

மாலை வரை ஒன்பது பேர் எழுதினார்கள். அதில் ஒருவன், 'கேண்டீன் ரசம் இதைவிட மோசம்'. அதையும் விட்டுவைத்தோம். தேதி போட்டிருக்கிறானே.

மார்ச் 4, செவ்வாய்

இருபத்தாறு பேர். தமிழ்த் துறைப் பெண் ஒருத்தி, வெயில் பாட்டிலின் நிறம் நேற்று சங்குப்பூவாக இருந்தது, இன்று வாடிய சங்குப்பூ என்று எழுதியிருக்கிறாள். வணிகவியல்காரர்கள் கோடு போட்டு, நேற்று, இன்று என்று பத்தி பிரித்துவிட்டார்கள். கணிதத் துறைப் பையன் ஒருவன், பாட்டில்களைத் தினமும் இடம் மாற்றி வை, ஓரத்தில் இருப்பதற்கு மட்டும் அதிக வெயில் கிடைக்கலாம் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தான். சரிதான். மாற்றினேன்.

இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி நேரே என்னிடம் வந்து, நிறத்தை எடுப்பது வெளிச்சமா, சூடா என்று கேட்டாள். மூன்று மாதத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. ஒன்பதாவதாக ஒரு பாட்டிலைக் கறுப்புத்தாளில் சுற்றி வெயிலில் வைத்தோம்.

இவ்வளவு நாள் இதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தது எவ்வளவு முட்டாள்தனம்.

மார்ச் 5, புதன்

காலையில் செங்கோட்டுவேல் சார் முற்றத்துக்கு வந்தார். நான் தூண் பக்கம் நின்றேன். கயிற்றில் தொங்கிய நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, நிதானமாக. பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. எழுதவில்லை. ஒரு பாட்டிலின் சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அதனால் ஒன்றும் ஆகிவிடாது. கோழைத்தனத்துக்கு மரியாதை கொடுக்க நான் தயாராக இல்லை.

மார்ச் 6, வியாழன்

பதினொரு மணிக்குக் கறுப்புத்தாளைப் பிரித்தோம். சுற்றிலும் முப்பது பேர் இருப்பார்கள். பாட்டில் கை பொறுக்காத சூடு. உள்ளே நீலம் அப்படியே. இயற்பியல் பெண் 'வெளிச்சம்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு அலுவலக உதவியாளர் வந்தார். விருந்தினர் வரும் இடம், சுவரைக் காலி செய்ய உத்தரவு. என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டார். நானே பாட்டில்களை எடுத்துக் கொடுத்தேன். வாஷ்பேசினில் கொட்ட வேண்டாம், அது வாய்க்காலுக்குத்தான் போகும் என்று மட்டும் சொன்னேன். நோட்டு அதற்கு முன்பே ஷமீரா பைக்குள் போய்விட்டது. அறுபத்தோரு கையெழுத்து.

மாலை அம்மாவிடம், பட்டறையில் உன்னை ஏதாவது கேட்டார்களா என்றேன். மேஸ்திரி கேட்டாராம், உன் மகள் நம் தண்ணீரை வைத்து ஏதோ வம்பு பண்ணுகிறாளாமே என்று.

"நீ என்னம்மா சொன்ன?"

"தண்ணி நம்முதுதானுங்களேன்னேன்."

மார்ச் 7, வெள்ளி

ஆய்வு நாள். அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் கல்லூரி முதல்வர், அம்சவேணி மேடம், சங்கத் தலைவர் பொன்னுரங்கம் என்கிற பெரியவர். செங்கோட்டுவேல் சாருடைய நாற்காலி காலி. இன்று அவர் விடுப்பு என்றார்கள்.

தேநீர் இடைவேளையில் ஷமீரா அந்த நோட்டைச் சங்கத் தலைவர் கையில் கொடுத்திருக்கிறாள். தொகுப்பின் ஆசிரியர் என்ற முறையில் விருந்தினருக்குப் பிரதி கொடுப்பது தன் வேலை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தாராம்.

நித்யா வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். புள்ளி எண்பத்திரண்டு, புள்ளி பதினான்கு. கைதட்டினார்கள். அப்போது தலைவர் மைக்கை இழுத்தார்.

"நல்லாச் சொன்னீங்க அம்மிணி. எனக்கு ஒண்ணுதான் கேக்கோணும். எங்க தொட்டிக்கெல்லாம் மூடி போட்டிருக்குது. மூடி போட்ட தொட்டில இது வேல செய்யுமுங்களா?"

அம்சவேணி மேடம் அதற்கெல்லாம் பிறகு விளக்கம் தரப்படும் என்று ஆரம்பித்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தி, அந்தப் பிள்ளை செய்தது, அது சொல்லட்டும் என்றார்.

நித்யா தாளைப் பார்த்தாள். தாளில் அது இல்லை. காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பது பொறுக்கவில்லை.

"செய்யாதுங்க" என்றாள் நித்யா. "மூடி போட்டா நிறம் போகாதுங்க. வெயில்லதான் போகுது. தாரகா கண்டுபிடிச்சதுங்க."

ஒப்பந்தக் கோப்பு மேசையிலேயே இருந்தது. தலைவர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் செய்துகொள்ளலாம் என்றார். முதல்வர் சிரிக்க முயன்றார்.

வெளியே படிக்கட்டில் நித்யா உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 12, புதன்

அகமதிப்பீட்டு மதிப்பெண் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கும் நித்யாவுக்கும் வகுப்பிலேயே குறைவு. பாஸ் ஆவதற்குச் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பரிந்துரைக் கடிதம் பற்றி இனிக் கேட்க வேண்டாம் என்று மேடம் சொல்லி அனுப்பினார். நான் கேட்கவில்லையே.

கோயம்புத்தூர் நுழைவுத் தேர்வுக்குக் கடிதம் இல்லாமலே விண்ணப்பித்தேன். 'வழிகாட்டியின் பெயர்' என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். செங்கோட்டுவேல் என்றே எழுதினேன். நடந்தது அதுதானே.

மார்ச் 21, வெள்ளி

தொகுப்பு வந்துவிட்டது. எங்கள் துறைக் கட்டுரை இல்லை. ஆனால் கடைசியில், வரலாற்றுத் துறைப் பகுதியில், 'ஒரு சுவரின் நான்கு நாட்கள்: சாட்சியக் குறிப்புகள்' என்று ஆறு பக்கம். நோட்டிலிருந்ததை அப்படியே அச்சிட்டிருக்கிறாள். ரசம் உட்பட. ஆசிரியர்கள்: அறுபத்தோரு பேர், அகரவரிசையில். சாட்சியங்களைத் தொகுப்பது வரலாற்றுத் துறையின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, மேடத்தின் அனுமதி எதற்கு என்கிறாள் ஷமீரா.

செங்கோட்டுவேல் சார் இன்னும் விடுப்பில்தான். உடம்பு சரியில்லை என்கிறார்கள். எனக்கென்ன?

ஏப்ரல் 2, புதன்

சார் இன்று வந்தார். தாடியில் நிறைய நரை. நான் நூலகத்தில் இருந்தேன். லேபுக்கு வரமுடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். போனேன். மேசை மேல் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து எட்டு பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்கு, அவர் வீட்டு மொட்டைமாடியில் வைத்தவை. நான்கு, பீரோவுக்குள் வைத்தவை. நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"என்ற கட்டுரை போட்ட ஜர்னலுக்கு எழுதப் போறேன், அது தப்புன்னு. உன்ற பேரு முதல்ல வரும். என்ற பேரையும் போடலாமான்னு நீதான் சொல்லோணும்."

ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் பி.எச்டி. பண்ணறப்பவே ஒரு பாட்டில் வெளுத்துச்சு, கண்ணு. பொடி போடாதது. கழுவி ஊத்தீட்டேன். கைடு ரிட்டயர் ஆக ரெண்டு மாசம் இருந்துது. மறுபடி மொதல்ல இருந்து செய்யத் தெம்பு இல்ல."

அது எந்தத் தேதி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஜூன் மாதம், தேதி தெரியாது என்றார். என் ஆய்வு நோட்டைத் திறந்து 'ஜூன், தேதி தெரியவில்லை' என்று எழுதினேன்.

"இதுல நீங்க எடுத்த ரீடிங் ஒண்ணுகூட இல்லீங்க சார். பேரு எப்பிடிப் போடறதுங்க?"

அவர் கலரிமீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் பாட்டிலிலிருந்து ஊற்றி, கண்ணாடிக் குழாயைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் இறக்கினார். நான் பேனாவோடு நின்றேன். பீரோவில் வைத்தது, பொடி போட்டது. எண்ணை வாய்க்குள்ளேயே சொன்னார்.

"கேக்கலீங்க சார். சத்தமாச் சொல்லுங்க."

"புள்ளி எழுபத்தஞ்சு."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டாமாண்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுதிக்கொண்டேன். அடுத்த பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.